மலாக்கி மறக்காத ஒன்று

சிவப்பு நாடா கட்டிய மாட்டின் பாலை மலாக்கி பெரிய தொட்டியில் விட்ட அன்றுதான் அவன் மனைவி கொரெட்டி முதன்முதலாகப் பயந்தாள்.

அதற்கு முன்னாலும் சின்னச் சின்ன மறதிகள் இருக்கத்தான் செய்தன. மேய்ச்சல் வயலின் கேட்டைத் திறந்துபோட்டு வந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பும்போது போட்டிருக்கும் சட்டையையே தேடுவான். அறுபதைத் தாண்டியவர்களில் எவர்தான் எதைத்தான் மறக்கவில்லை என்று அவளும் இருந்துவிட்டாள். ஆனால் நாடா வேறு விஷயம். மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பின்னங்கால் இரண்டிலும் சிவப்பு நாடா சுற்ற வேண்டும், அதைக் கடைசியில் தனி வாளியில் கறந்து கீழே கொட்ட வேண்டும் என்பது ஹார்னெட் பண்ணையின் சட்டம். சட்டம் போட்டவனே மலாக்கி ஹார்னெட்தான். "ஒரு மாட்டு மருந்து ஊர்ப் பாலையே கெடுத்துடும்" என்று வேலைக்கு வந்துபோனவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன்.

அன்று காலை கறவைக் கொட்டகையில் அவள் வரிசையின் மறுமுனையில் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது நாடா சுற்றிய கால்களுக்கு நடுவே கறவை இயந்திரத்தின் கிண்ணங்கள் நான்கும் பொருந்தியிருக்க, குழாயில் பால் போய்க்கொண்டிருந்தது.

"மலாக்கி! அது போஸ்டாபீஸ்காரி!"

மாடுகளுக்கு ஊர்ப் பெண்களின் பேரை வைப்பது அவன் வழக்கம். வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி எல்லார் வீட்டையும் பார்க்கிறது என்பதால் அது போஸ்டாபீஸ்காரி. எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் முனகிக்கொண்டே தின்கிற இன்னொன்று பாதிரியாரின் சமையல்காரி. விஷயம் நிஜப் போஸ்டாபீஸ்காரியின் காதில் விழுந்த வருடம் ஹார்னெட் வீட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகூட நேரத்துக்கு வந்து சேரவில்லை.

"போஸ்டாபீஸ்காரிக்கு என்ன வந்துச்சு?" என்றான் மலாக்கி.

"மருந்து ஏத்தியிருக்கு. கால்ல நாடா தெரியலயா?"

அவன் நாடாவை வெகுநேரம் பார்த்தான். "இத யாரு கட்டினது?"

"நீதான். நேத்து சாயங்காலம்."

"நான் கட்டல. நீ இப்பத்தான் கட்டியிருக்க. என்னய முட்டாளாக்கப் பாக்குற."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கூடவே அவன் கண்ணில் ஒரு பயமும் தெரிந்தது. அவள் பால் லாரி வந்து நின்றதும் வாசலுக்கே போய், "எடுக்காதப்பா, மருந்துப் பால் கலந்துடுச்சு. என் கவனக்குறைவுதான்" என்றாள். லாரிக்காரன் சீட்டியடித்தான். தொட்டியின் அடித்திருகைத் திறந்ததும் இரண்டு நாள் பால் வெள்ளையாய் நுரைத்துச் சாக்கடையில் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மலாக்கி அவள் தோளில் கைபோட்டான்.

"விடு பொண்ணே. யாருக்கும் வர்றதுதான். நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இலையுதிர் காலத்தில் லிமரிக் நகரத்துப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயதுப் பெண் அந்த டாக்டர். இது எந்த மாதம் என்று கேட்டாள்.

"புல்லு வளர்றது நின்னுபோச்சு. மாட்ட உள்ள கட்டுற நேரம் வந்தாச்சு. அதுக்கு உங்க ஊர்ல என்ன பேர் வச்சிருக்கீங்களோ, அந்த மாசம்" என்றான் மலாக்கி.

டாக்டர் சிரித்துவிட்டாள். படங்கள் எடுத்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற நோய், திரும்பி வளராது என்றாள். கார் ஓட்டக் கூடாது, டிராக்டர் பக்கமோ எந்த இயந்திரத்தின் பக்கமோ தனியாகப் போகக் கூடாது என்றாள்.

"அப்ப நான் என்ன செய்யணும்? முக்காடு போட்டுக்கிட்டு கோழிக்குத் தீனி போடவா?" என்றான் அவன்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் வந்த பிறகு சன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "கொரெட்டி, ஊர்ல யாருக்கும் இது தெரிய வேணாம்."

"பாட்ஸிக்கு மட்டுமாவது சொல்லலாமே? பக்கத்து நிலத்துக்காரன். நாளைக்கு ஒண்ணுன்னா அவன்தான் ஓடிவரணும்."

"பாட்ஸி கல்ஹேன் கிட்ட சொல்றதும் கோயில் மணி அடிக்கிறதும் ஒண்ணு."

"மக ஓர்லாவுக்காவது?"

"அவ வான்கூவர்லேருந்து அடுத்த விமானத்துல வந்து இறங்குவா. மாட்ட வித்துடும்பா. மாட்ட வித்துட்டா நான் எதுக்கு எந்திரிக்கணும் காலையில?"

யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். டிராக்டர் சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். கேட்டால், டிராக்டரில் பழுது, ஆள் வரவேண்டும் என்பாள். கேட்ட கேள்வியையே அரை மணியில் மறந்துவிடுகிறவனை ஏமாற்றுவது பெரிய வித்தை இல்லை. அந்தச் சுலபம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மாடுகளை மட்டும் அவள் அவனிடமிருந்து பிரிக்கவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். எதற்கு ஆட்டம், எதற்குப் பாட்டு என்பது மலாக்கியின் கைக்குத் தெரிந்திருந்தது. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. நவம்பரில் ஒரு பசு காலம் தவறிக் கன்று போட முக்கியது. பின்னங்கால் முதலில் வந்தது. கால்நடை டாக்டர் எங்கோ மலைப் பக்கம் இருந்தாள். மலாக்கி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வைக்கோலில் மண்டியிட்டான். அவசரமில்லாமல், பசு முக்கும்போது இழுத்து, அது மூச்சு வாங்கும்போது தானும் மூச்சு வாங்கி, கன்றை உயிரோடு வெளியே கொண்டுவந்து, மூக்கில் வைக்கோல் குச்சியை விட்டுத் தும்ம வைத்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "இது யாரோட மாடு?" என்று கேட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் உயிரையே வைத்திருந்தது பதினோரு தலைச்சினைக் கிடேரிகள் மேல். தன் அப்பா காலத்து ஒரு சிவப்புப் பசுவின் வழியில் வந்தவை. பிறந்ததிலிருந்து வாளியில் பால் குடிக்கப் பழக்கி வளர்த்தவன் அவன். பிப்ரவரியில் எல்லாம் கன்று போட வேண்டும். பெரிய மாடுகள் வேறு கொட்டகையில் இருந்தன. கிடேரிகள் மட்டும் பழைய கொட்டகையில், இடைவெளி விட்டுப் பதித்த சிமென்ட் தளத்தின் மேல். சாணமும் மூத்திரமும் அந்த இடைவெளி வழியாகக் கீழே உள்ள ஆழமான குழியில் விழும். குளிர்காலம் முழுக்கச் சேர்கிற அந்தக் குழம்பைத்தான் ஜனவரியில், சட்டம் அனுமதிக்கிற நாள் வந்ததும், கலக்கி எடுத்து வயலுக்கு அடிப்பார்கள்.

கலக்கும்போதுதான் ஆபத்து. அடியில் உறைந்து கிடந்த விஷக்காற்று ஒரே மூச்சில் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மூக்கு மரத்து நாற்றம் நின்றுவிட்டால் ஆள் தப்ப மாட்டான் என்று அர்த்தம். மாடுகளை வெளியேற்றாமல், நல்ல காற்று வீசாத நாளில், எல்லாக் கதவையும் திறக்காமல் எவனும் கலக்கி இயந்திரத்தைப் போட மாட்டான். மலாக்கிக்கு இதில் தனி வெறி. இளம் வயதில் கூடப் படித்தவன் ஒருவனை அப்படிப்பட்ட குழியிலிருந்து பிணமாகத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். ஊரில் யார் வீட்டில் கலக்கியின் சத்தம் கேட்டாலும் போய் நின்று, "மாட்ட வெளிய விட்டியா? நாய எங்க கட்டின?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான்.

சட்டம் அனுமதித்த வாரம் பாட்ஸி தன் டிராக்டரில் கலக்கியை மாட்டி ஓட்டிவந்து, பழைய கொட்டகையின் வெளிப்புறக் குழிவாயில் இறக்கி வைத்தான்.

"இன்னிக்கு ஒரு இலைகூட ஆடல" என்றான் கொரெட்டியிடம். "வியாழக்கிழம காத்து வருதுன்னு சொல்றான் ரேடியோவுல. வந்து போட்டுக்கலாம். டிராக்டர் இங்கயே நிக்கட்டும்."

சாவி அதிலேயே தொங்கியது. அந்த ஊரில் யாரும் டிராக்டர் சாவியைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. கொரெட்டி அதைப் பார்த்தாளா, பார்த்தும் மனதில் ஏறவில்லையா என்று பிறகு எத்தனை தரம் யோசித்தும் அவளுக்கே தெளிவாகவில்லை. பாட்ஸியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனே கழற்றிப் பையில் போட்டிருப்பான். அது மட்டும் தெளிவு.

மறுநாள் காலை மூடுபனி. மலாக்கியின் மாத்திரை தீர்ந்துபோயிருந்ததால் பக்கத்து நகரமான நியூகாசிலுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனாள். அவன் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். நாய் அவன் காலடியில் கிடந்தது. மருந்துக்கடையில் வரிசை, அவ்வளவுதான் அவள் தாமதித்தது.

திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்ததும் டிராக்டர் உறுமும் சத்தம் கேட்டது. சமையலறைக்குள் மலாக்கி டீ ஊற்றிக்கொண்டிருந்தான். சோடா ரொட்டியை இரண்டு பேருக்குமாக நறுக்கி, வெண்ணெய் தடவி வைத்திருந்தான்.

"யாரு மலாக்கி டிராக்டர் ஓட்டுறது?"

"பாட்ஸியா இருக்கும். வா, டீ ஆறுது."

அவன் காலணியில் புதுச்சேறு இருந்தது. அவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கொட்டகையின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மங்கலில் முதலில் அவை படுத்திருக்கின்றன என்றே நினைத்தாள். பிறகுதான் படுத்திருக்கிற விதம் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, கழுத்து மடங்கி. சுவரோரத்தில் ஒன்று மட்டும் முன்னங்காலை இழுத்து எழப் பார்த்தது. கொரெட்டி அதன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வாசலுக்குள் காலை வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் கோட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் முற்றத்துச் சேற்றில் மல்லாந்து விழுந்தாள். மலாக்கி அவளை அதோடு விடவில்லை. அக்குளில் கைகொடுத்து, சாக்குமூட்டையை இழுப்பதுபோல் வைக்கோல்போர் வரை இழுத்துக்கொண்டு போனான்.

"உள்ள போகாத! காத்து! விஷக்காத்து! நீயும் செத்துப்போவ!"

"மலாக்கி, அங்க ஒண்ணு உயிரோட..."

"போச்சு, அது போச்சு! நீ போகாத!"

அவன் இரண்டு கையாலும் அவளை நெஞ்சோடு நெரித்துப் பிடித்திருந்தான். அவன் இதயம் அடித்துக்கொண்டது அவள் முதுகில் தெரிந்தது. தன் டிராக்டர் சத்தத்தைக் கேட்டுப் பாட்ஸி வயலின் குறுக்கே ஓடிவந்தான். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி போய் டிராக்டரை நிறுத்தினான். அதன் பிறகு எழுந்த அமைதியில் சுவரோரத்துக் கிடேரியின் சத்தமும் இல்லை.

மலாக்கி அவளை விட்டுவிட்டு எழுந்தான்.

"எவன்டா போட்டது? மாட்ட வெளிய விடாம, காத்தில்லாத நாள்ல, எவன்டா போட்டது?" பாட்ஸியின் சட்டையைப் பிடித்தான். "கொலகாரப் பயலே! உன் டிராக்டர்! உன் கலக்கி! எத்தன தடவடா சொல்லியிருப்பேன்!"

"மலாக்கி, நான் வீட்ல இருந்தேன். சத்தியமா நான் போடல. நான் போடவே..."

சொல்லிக்கொண்டே வந்த பாட்ஸி மலாக்கியின் காலணியைப் பார்த்தான். சேற்றில் கொட்டகை வரை போய் வீடு வரை திரும்பிய தடத்தைப் பார்த்தான். பிறகு கொரெட்டியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. அடுத்த வார்த்தை அவன் வாய்க்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான்தான் போட்டேன், மலாக்கி" என்றாள்.

அவன் கை தளர்ந்தது.

"நீயா?"

"வேலைய முடிச்சுடலாம்னு பாத்தேன். கிடேரி உள்ள இருக்குறத மறந்துட்டேன்."

நாளைக்கு மறந்துவிடுவான் என்றுதான் சொன்னாள். போன வருடம் செத்த தன் அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் கேக் அனுப்பச் சொல்கிறவன். இதையும் மறந்துவிடுவான் என்று.

அவன் தொப்பியைக் கழற்றினான். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவளை அவன் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். நேராக வீட்டுக்குள் போனான். இரண்டு பேருக்கு வைத்த ரொட்டியில் அவளுடையதை எடுத்து நாய்க்குப் போட்டான்.

செத்த மாடுகளை எடுக்கிற லாரி வந்தபோது, சங்கிலியில் ஒவ்வொன்றாக ஏற்றி முடிகிற வரை முற்றத்தில் நின்றான். வயிறு பெருத்த கிடேரிகள். ஒவ்வொன்றுக்கும் பேரைச் சொன்னான். ஒரு பேர்கூடத் தப்பவில்லை.

அவன் மறக்கவில்லை. அதுதான் நடந்தது. அடுத்த நாள் கண் விழித்து, அவளைப் பார்த்து, "ஏன் கொரெட்டி அப்படிப் பண்ணின?" என்று கேட்டான். அதற்கடுத்த நாளும். சாப்பிட்டதை மறந்தான், பாதிரியாரின் பேரை மறந்தான், கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் என்பதை மறந்தான். இது மட்டும் கல்லில் வெட்டியதுபோல் நின்றது. படுக்கையை ஓர்லாவின் பழைய அறைக்கு மாற்றிக்கொண்டான். பூசை முடிந்து வாசலில் நிற்கிறவர்களிடம், "கேள்விப்பட்டீங்களா? என் பொண்டாட்டி கிடேரிய எல்லாம் கொன்னுட்டா" என்பான். உண்மை ஊருக்குத் தெரியும். பாட்ஸி கோயில் மணிதான். கேட்டவர்கள் அவனுக்குத் தலையாட்டிவிட்டு, அவளைப் பார்க்க முடியாமல் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள்.

பாட்ஸி காலைக் கறவைக்குத் தினமும் வந்தான். யாரும் கூப்பிடவில்லை.

"அவன்கிட்ட உண்மையச் சொல்லிடு, கொரெட்டி" என்றான் ஒரு நாள். "இல்ல, நான்தான் போட்டேன்னு சொல்றேன். என்னய வெறுத்துட்டுப் போகட்டும். நான் வேற வீட்டுக்காரன்தானே. எனக்கென்ன போச்சு?"

"உன்னால அவன் பேச்ச ஒரு வாரம் தாங்க முடியாது."

"உன்னால முடியுதா?"

அவள் மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தடவை அவளால் முடியாமல் போயிற்று. மார்ச் மாதம், கன்றுகள் மளமளவென்று விழுகிற காலம். பல இரவுகளாகச் சரியான தூக்கமில்லை. சீம்பால் வாளியைத் தூக்கிக்கொண்டு கன்றுக்கொட்டகைக்குப் போனவளை மலாக்கி கதவில் மறித்தான்.

"நீ உள்ள போகாத. இருக்குறதையும் கொன்னுடுவ."

"தள்ளு மலாக்கி. கன்னுக்குப் பசிக்குது."

"கொலகாரி கையால குடிக்க வேணாம்."

வாளியை வீசி அடித்தாள். மஞ்சள் பால் சுவரெல்லாம் தெறித்தது.

"நீதான்! நீதான்யா போட்ட! நான் ஊர்லயே இல்ல! உன் மாத்திரைய வாங்கத்தான் போயிருந்தேன்! நீ போட்டுட்டு வந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்த!"

அவன் அவள் வாயையே பார்த்தான். அவள் எதிர்பார்த்ததுபோல் மறுத்துக் கத்தவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் அது அவனுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். மெதுவாக நடந்து பழைய கொட்டகைக்குப் போனான். வெறும் சிமென்ட் தளத்தின் மேல் உட்கார்ந்து, விரல்களை இடைவெளிக்குள் விட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேயிருந்தான். அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. கொரெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "இல்ல, பொய் சொன்னேன், கோவத்துல சொன்னேன், நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. பாட்ஸியும் அவளுமாகத்தான் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் காலை அவன் எழுந்து வந்து மேசையருகே உட்கார்ந்தான். முட்டையை அவன் முன்னால் வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன் கொரெட்டி அப்படிப் பண்ணின?" என்றான்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

கோடையில் ஓர்லா வந்தாள். அப்பாவின் நிலையைப் பார்த்து ஒரு நாள் முழுக்க அம்மாவோடு சண்டை போட்டாள். மறுநாள் முழுக்கக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவன் இரண்டு தடவை பெரிய சாலையில் மாடு தேடிப் போய் லாரிக்கு முன்னால் நின்ற பிறகு வேறு வழியில்லை. நியூகாசிலில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். மாடுகளில் பாதியை விற்றார்கள். மீதியை விற்கக் கொரெட்டி சம்மதிக்கவில்லை.

"எதுக்கும்மா இன்னும்?" என்று கேட்டாள் ஓர்லா.

"காலையில எந்திரிக்கணும்ல?" என்றாள் அவள்.

ஞாயிறுதோறும் காலைக் கறவை முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு போவாள். முதல் சில வாரங்கள் அவளைக் கண்டதும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவளைத் தெரியவில்லை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் கையில் தங்கிவிடுகிற பால் வாடையை மட்டும் அவன் மூக்குக் கண்டுபிடித்தது. பண்ணைக்கு வந்து மாட்டுக்கு மாடு பால் அளந்து குறித்துக்கொண்டு போகிற பெண் என்று முடிவு செய்துகொண்டான். மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டான்.

"உக்காருங்க. பால் எப்படி இருக்கு? கொழுப்பு ஏறியிருக்கா?"

"நல்லா இருக்கு, மலாக்கி. போஸ்டாபீஸ்காரிதான் இந்த மாசம் முதல்ல."

"அவ நல்ல கறவை. வாய்தான் நீளம்." சிரித்தான். அவனிடம் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு எதிர்பார்ப்பாகிவிட்டன. புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எந்த வயலில் மாடு நிற்கிறது, காசநோய்ப் பரிசோதனையில் மாடுகள் எல்லாம் தேறினவா என்று கேட்பான். அவளும் சொல்வாள். விற்றுப்போன மாடுகளையும் விற்காததாகவே சொல்வாள். மனைவியின் பேச்சு மட்டும் வரவில்லை. ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை அதுவும் வந்தது.

"என் வீட்டுக்காரியப் பாத்தீங்களா அங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கொரெட்டின்னு பேரு."

"பாத்தேன்."

"ஊர்ல அவளப் பத்தி ஒரு பேச்சு இருக்கும். கிடேரி விஷயம். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அவளப்போல மாடு பாக்க ஆள் கெடையாது. வேலை ஜாஸ்தி அவளுக்கு. அசந்துட்டா. ஒரு நாள் அசந்துட்டா." அவன் கை மேசைத் துணியை நீவிக்கொண்டேயிருந்தது. "நான்தான் அவள ரொம்பப் பேசிட்டேன். அது தப்பு. அதனாலதான் என்னயப் பாக்க வரமாட்டேங்கிறா."

"வருவா" என்றாள்.

"நீங்க சொல்றீங்களா அவகிட்ட? மலாக்கி கோவமா இல்லன்னு சொல்லுங்க. வரச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லுவீங்களா?"

"இன்னிக்கே."

அன்றிலிருந்து அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும், அவன் மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அவள் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது கதவைத் திறந்தால் எழுந்துவிடுவான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி மூன்று நாளில் போய்விட்டான். போகும்போது கொரெட்டி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாருடைய கை என்று அவன் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து, "உன் துக்கத்துல நாங்களும் இருக்கோம், கொரெட்டி" என்றார்கள். பாட்ஸி சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். வயதாகிவிட்டது, வேண்டாம் என்றவர்களின் பேச்சைக் கேட்கவில்லை. நிஜப் போஸ்டாபீஸ்காரி, வெள்ளைத் தலையுடன், கல்லறையோரத்தில் எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். அடக்கம் முடிந்து ஊராருக்கு ஓட்டலில் சூப்பும் சாண்ட்விச்சும் பரிமாறிக்கொண்டிருந்தபோது கொரெட்டி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கோட்டை எடுத்தாள். இன்றைக்காவது வேறு யாராவது கறக்கட்டும் என்று நான்கு பேர் எழுந்தார்கள். சாயங்காலம் மடி கனத்தால் மாடு யார் செத்ததென்று கேட்காது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வான்கூவரிலிருந்து வந்திருந்த ஓர்லா அம்மாவின் பழைய ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் கூடவே வந்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"அம்மா, ஒண்ணு கேட்கவா? அந்த ஞாயித்துக்கிழமைகள்ல ஒரு தடவையாவது, 'நான்தான் கொரெட்டி'ன்னு அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஒரே தடவ."

"என்ன சொன்னார்?"

கொரெட்டி ஒரு மடியிலிருந்து கிண்ணங்களைக் கழற்றி மேலே மாட்டினாள்.

"என்னய மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தார். 'நீங்க நல்லவங்கதான், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா கொரெட்டி உங்கள விடக் கொஞ்சம் உயரம்'ன்னார்."

ஓர்லாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையாயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். கொரெட்டியும் சிரித்தாள், கண்ணைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லாததால் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

வரிசையில் அடுத்த மாடு புது ஆளைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றது.

"பின்னாடி போயி லேசாத் தட்டு" என்றாள் கொரெட்டி. "அதுக்கு உன்னத் தெரியாது. பேசிக்கிட்டே தட்டு, வந்துடும்."